வருஷா வருஷம் புது கேம் வாங்கத்தான் வேண்டுமா?



சமையல், சீட்டு, மாமியார், பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் பேசியிருக்கிறோம். இன்று நான் எழுத வந்தது வீடியோ கேமைப் பற்றி. 'அது பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பணம் போவது நம் அஞ்சறைப்பெட்டியிலிருந்துதானே!

நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் காரைக்காலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் ஒன்பதாவது, மகள் ஐந்தாவது. எங்கள் ஊரில் பல வீடுகளில் இருப்பதுபோல எங்களுக்கும் பிரான்ஸில் ஒருவர் உண்டு. அது என் அண்ணன். பாரிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது, மருமகனுக்கென்று ஒரு பிளேஸ்டேஷனும் 'ஃபிஃபா 23' என்ற கால்பந்து டிஸ்க்கும் வாங்கி வந்தார்.

ஒரு தடவை வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். இந்தக் கால்பந்து கேம் முதலில் வந்தது 1993-ல். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒன்று புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. ஃபிஃபா என்ற பெயர் 2022-ல் வந்த 23-ஆம் எண்ணோடு முடிந்தது. மறு வருஷத்திலிருந்து 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' என்று பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் வந்தது எஃப்.சி. 26.

"என்னடா புதுசு?" என்று மகனைக் கேட்டேன். எந்த ஆட்டக்காரர் எந்த கிளப்புக்கு மாறினார், ஜெர்சி எப்படி மாறியது, ஓட்டம் எப்படி வேகமானது என்று அரை மணி நேரம் சொன்னான். எனக்கு இரண்டுமே பச்சைப் புல், உருண்டைப் பந்துதான். ஆனால் புதிதாக வரும்போது விலை நாலாயிரத்துக்கு மேல். நேரே இறக்கிக்கொள்ளாமல் டிஸ்க்காக வாங்கினாலும், இணையத்தில் அடுத்தவரோடு ஆட வேண்டுமென்றால் தனியாக ஒரு சந்தாவும் கட்ட வேண்டும்.

முடியாது என்று சொன்னதும் அவன் ஒரு கேள்வி கேட்டான். "தீபாவளிக்கு தீபாவளி நீ புடவை எடுக்கிறியே, அதுவும் அதே ஆறு கஜம்தானே? மாசி மகத்துக்கு வருஷா வருஷம் அதே பெருமாள்தானே நம்ம கடற்கரைக்கு வர்றார், நீ போகாம இருக்கியா?"

சிரிப்பு வந்துவிட்டது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை இழுத்து வந்து என்னை மடக்கிவிட்டான் பாருங்கள்! ஆனால் அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பதில் கிடைத்தது. போன வருஷத்துப் புடவையை இந்த வருஷம் கட்டினால் யாரும் என்னைத் தனியாக உட்கார வைப்பதில்லை. இந்தக் கேமில் அப்படி இல்லை. 25-ஆம் எண் வைத்திருப்பவர் 26-ஆம் எண்காரரோடு சேர்ந்து ஆட முடியாது. சில வருஷம் போனால் பழையதற்கான இணைய வசதியையே நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்க் கெட்டுப்போவதில்லை. வீட்டுக்குள் ஆடிக்கொள்ளலாம். கூட ஆடியவர்கள்தான் புதுசுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வருத்தத்தில்தான் பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். வெறும் ஆசை என்று நாம் திட்டிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அண்ணன் தன் பிள்ளைகளுக்காக எஃப்.சி. 26 வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவும் மருமகனும் ஆடுவது நின்றுபோனது.

இதில் என் சங்கதி ஒன்று இருக்கிறது. அண்ணன் எனக்குப் போன் செய்தால் "சாப்பிட்டியா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா" என்று கேட்டு இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார். ஆனால் இவனோடு ஆடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார். ஆட்டத்துக்கு நடுவே முதலாளி திட்டியது, பனி கொட்டியது, அம்மா வைக்கும் மத்தி மீன் குழம்பு ஞாபகம் வந்தது என்று எல்லாம் வரும். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது நின்றதும் வீடு வெறிச்சென்று ஆனது. "நானே புது டிஸ்க்கும் அனுப்புறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அங்கே ராத்திரி பகல் என்று நின்றுகொண்டே வேலை பார்ப்பவரிடம் வருஷா வருஷம் கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காசு வாங்கிக்கொண்டு டி.வி.யில் மாரியோ ஆட விடுவார்கள். மாரியோ 1985-ல் ஜப்பானில் வந்த கேம். அந்த ஒரே கேசட்டை ஊதி ஊதிப் போட்டு வருஷக்கணக்கில் ஆடினார்கள். அண்ணன் உள்ளே ஆடுவார். பெண்பிள்ளை உள்ளே போகக்கூடாது என்று அம்மா சொன்னதால் நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். ஆட்டத்தின் ருசி எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரேயடியாக 'கூடாது' என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் வாங்கினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பொங்கல் வரை பொறுத்தேன். எங்களுக்கு அதற்குள் விலை ஏறக்குறைய பாதியானது. டிஸ்க்காகவே வாங்கினேன். டிஸ்க்கைப் பிறகு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நேரே இறக்கிக்கொள்வதை அப்படிச் செய்ய முடியாது. மகளின் தோட்டுக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்தேன். அது இன்னும் உறுத்துகிறது. அடுத்த வருஷம் புது எண் கிடையாது என்று மாமன், மருமகன் இருவரிடமும் இப்போதே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். இரண்டு வீடும் சேர்ந்து 26-லேயே நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கேமுக்கு உள்ளேயே ஆட்டக்காரர்கள் சீட்டுக் கட்டு விற்கிறார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் காசு கொடுத்துப் பிரிக்க வேண்டும். பெட்டிக்கடையில் சீட்டுக் கிழித்தோமே, அதே கதைதான். இப்படிக் காசுக்கு விற்பது சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டில் 2018-ல் சொன்னார்கள். 2019 தொடக்கத்தில் அங்கே அந்த விற்பனை நின்றது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்திருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் காவல் நாம்தான். எங்கள் கணவரின் வங்கி அட்டை எண் அந்த மெஷினில் கிடையாது. இனியும் இருக்காது.

போன ஞாயிறு மகன் என் கையில் ரிமோட் மாதிரி இருக்கும் அதைக் கொடுத்து "மாமாவோட நீ ஆடும்மா" என்றான். எந்தப் பட்டன் எதற்கென்றே தெரியவில்லை. ஆறு கோல் வாங்கினேன். அண்ணன் பாரிஸிலிருந்து சிரித்த சிரிப்பு கொல்லைப்புறம் வரை கேட்டது.

நான் செய்தது சரியா, பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டேனா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தபோது என்ன முடிவு எடுத்தீர்கள்? எழுதுங்கள் சகோதரிகளே.

- ஒரு வாசகி, திருமலைராயன்பட்டினம்.