தையலோடு முடியாத சிகிச்சை

உதடு பிளந்த குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று தாயைக் கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. உண்மையில், கருவின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் ஒட்ட வேண்டிய உதடும், அதற்குச் சில வாரங்கள் கழித்து இணைய வேண்டிய அண்ணமும் சேராமல் போவதுதான் பிளவு. பல பெண்கள் கர்ப்பத்தையே உறுதி செய்திராத நாட்கள் அவை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 35,000 குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன.

அறுவை சிகிச்சை இன்று எட்டாக்கனி அல்ல. 1999இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெயின் அமைப்பு, கூட்டு மருத்துவமனைகள் மூலம் இலவசமாகச் செய்து தருகிறது. மிர்சாபூர்ச் சிறுமியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் வாங்கியபோது இந்தப் பணி உலகுக்குத் தெரிந்தது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தேடிக் கண்டறிய வேண்டிய குறைகளில் பிளவையும் சேர்த்தது. உதாரணமாக, கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை அருகில்தான்; சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

பிறகு என்ன குறை?

முதல் சிக்கல் பால். அண்ணம் திறந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. குடித்தது மூக்கு வழியே வந்துவிடும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்தி வைத்து, சங்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். பிரசவ வார்டிலேயே ஒரு செவிலியர் இதைச் சொல்லித் தராவிட்டால் எடை ஏறாது. ஏறத்தாழ நாலரைக் கிலோவும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராமும் இல்லாமல் மயக்க மருந்து கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். தேதி தள்ளிப்போகும்.

உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துவிடலாம். முகம் சரியானதும் வீட்டில் நிம்மதி. ஆனால் அண்ணத்தின் தசை சரிவர மூடாவிட்டால் காற்று மூக்கில் கசியும். 'அப்பா' என்று சொன்னால் 'அம்மா' போலக் கேட்கும். நடுக்காதில் நீர் கோத்துச் செவித்திறனும் மங்கலாம். எட்டு வயதையொட்டி ஈறில் எலும்பு வைக்க வேண்டிவரும். பல்வரிசைக்கான சிகிச்சை பதின்பருவம் வரை நீளும்.

இவை எல்லாவற்றிலும் பேச்சுப் பயிற்சிதான் கிராமத்துக்குத் தூரம். வாரந்தோறும் அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணிக்காகக் காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ திட்டக்குடியிலிருந்தோ பஸ் ஏறும் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். நான்காவது வாரத்தில் அவர் வராமல் போனால் அதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம்.

இதற்கு வழி கடலூரிலேயே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், கனடாவின் டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்பின் துணையோடு, முதலில் திருவண்ணாமலையிலும் பின்னர் கடலூர் மாவட்டத்திலும் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நிபுணர் மேற்பார்வையிட, அவர்களே ஊரில் பேச்சுப் பயிற்சி தந்தார்கள்.

தொண்டு நிறுவனம் காட்டிய இந்த வழியை அரசு எடுத்துக்கொள்வதில் பெரிய தடையில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே வண்டியில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் ஓர் இடம் வேண்டும். மாவட்ட ஆண்டறிக்கையில் எத்தனை அறுவை சிகிச்சை என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, சிகிச்சை பெற்ற குழந்தைகளில் எத்தனை பேர் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது புரியும்படி பேசினார்கள் என்ற எண்ணையும் சுகாதாரத் துறை கேட்டு வாங்க வேண்டும்.