பெர்பிக் கணக்கு செல்லாது

எங்கள் காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கத்து இளவட்டங்களிடம் ஒரு கணக்கு உலவுகிறது. "தாத்தா, உங்க அலியை ஜெயிச்சவன் பெர்பிக். அந்த பெர்பிக்கை ரெண்டே ரவுண்டுல படுக்க வெச்சவன் டைசன். அப்போ யாரு பெரிய ஆளு?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கள்ளக் கணக்கு.

முகமது அலி டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றது 1981 டிசம்பர் 11-ல், பஹாமாஸில். இன்னும் ஒரு மாதம் போனால் அலிக்கு 40 வயது. அதற்கு முந்தின வருஷமே லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு வெளுத்து வாங்கி, மேலே ஆட விடாமல் அலியின் பயிற்சியாளரே சண்டையை நிறுத்தியிருந்தார். மைக் டைசன் பெர்பிக்கை வீழ்த்தியது 1986 நவம்பர் 22-ல். அப்போது டைசனுக்கு வயது 20. ஓய்வு பெற வேண்டிய மனிதரையும் மீசை அரும்பிய பையனையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, தட்டு சாய்ந்துவிட்டது என்று கை தட்டினால் என்ன நியாயம்?

1980-ல் அலி மெட்ராஸுக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். இடுப்பில் சதை விழுந்திருந்தது. கால் பழையபடி பேசவில்லை. அந்த அலிதான் அலி என்றால், டைசன் எதற்கு? ராயபுரத்துப் பையன் ஒருத்தனே நாலு ரவுண்டு தாக்குப் பிடித்திருப்பான்.

சரி, அவர்கள் வழியிலேயே போவோம். 2024 நவம்பரில், 58 வயதில், டைசன் ஜேக் பால் என்ற யூடியூப் பையனிடம் எட்டு ரவுண்டு ஆடித் தோற்றார். அந்தக் கணக்குப்படி ஜேக் பால் டைசனைவிடப் பெரிய வீரனா? கேட்டால், "அது வேற, தாத்தா. அவருக்கு வயசாயிடுச்சு" என்கிறார்கள். அதேதான் தம்பி நானும் சொல்வது! டைசனுக்கு ஆகிற வயது அலிக்கு ஆகாதா?

நியாயமாக மோதவிட வேண்டுமென்றால் வருஷம் குறிக்க வேண்டும். 1966-ல் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி ஒரு பக்கம். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த டைசன் மறுபக்கம். இருவருக்கும் அப்போது இருபதுகளில் வயது. அலி 6 அடி 3 அங்குலம், டைசன் சுமார் 5 அடி 10. கை வீச்சில் அலிக்கு 7 அங்குலம் கூடுதல்.

டைசன் பக்கமும் நியாயம் உண்டு. குள்ளமாகக் குனிந்து உள்ளே புகுந்து அடிப்பவர்கள் அலிக்கு எப்போதும் தலைவலிதான். ஜோ ஃபிரேசியரின் இடது ஹூக் 1971-ல் பதினைந்தாவது ரவுண்டில் அவரைத் தரையில் உட்கார வைத்தது. முதல் நாலு ரவுண்டு அலிக்குக் கண்டம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபிரேசியர் கடைசி மணி வரை மூச்சு வாங்காமல் வந்தவர். டைசனின் புயல் முதல் சில ரவுண்டுகளில்தான். உயரமான ஆள் ஒருவன் பயப்படாமல் இடது கையை நீட்டி நீட்டிக் குத்தினால் என்ன ஆகும் என்பதை 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாவது ரவுண்டில் காட்டினார். டக்ளஸால் முடிந்தது 1966 அலியால் முடியாதா? பதினைந்து ரவுண்டு என்றால் என் பணம் அலி மேல்தான்.

கம்ப்யூட்டரிடம் கேட்கலாமே என்பார்கள். அதையும் கேட்டாயிற்று. அலியையும் ராக்கி மார்சியானோவையும் வைத்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டர் தீர்ப்பு என்று 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டினார்கள். அமெரிக்காவில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்! டிக்கெட் வாங்குகிறவன் எங்கே இருக்கிறானோ அதற்கேற்ற தீர்ப்பு.

இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று மார்தட்டிய ஊர் நம்முடையது. "ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை" என்று சுவரொட்டியில் பெயர் போட்டு வாழ்ந்தவர்கள் கடைசிக் காலத்தில் கை நடுங்கித் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நம் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். தெருப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துச் சிரித்ததையும் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஆடிய ஆட்டத்துக்குப் படம் இல்லை, யூடியூப் இல்லை. கடைசியாகக் கண்ணில் பட்ட கோலம்தான் அவர்கள் கணக்கில் நின்றது. பெர்பிக் கணக்கும் அதே கணக்குத்தான்.

ஹார்பரிலும், ஃபவுண்டரியிலும், மில்லிலும் முப்பது நாற்பது வருஷம் உழைத்துவிட்டு இன்று மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவர்களையும் இப்படித்தான் எடை போடுகிறார்கள்.

தம்பிகளே, அலியா டைசனா என்று விடிய விடிய அடித்துக்கொள்ளுங்கள். டைசன் பக்கம் நிற்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் எந்த வருஷத்து அலி, எந்த வருஷத்து டைசன், எத்தனை ரவுண்டு என்று முதலில் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு ஆளை அவன் நிமிர்ந்து நின்ற வருஷத்தை வைத்து அளக்க வேண்டும். விழுந்த வருஷத்தை வைத்து அளந்தால் உலகத்தில் ஒரு சாம்பியனும் மிஞ்ச மாட்டான்.