கூலிக்கு ஏறும் பாரம்

தோவாளைப் பூச்சந்தையில் பொழுது விடியுமுன்னே வியாபாரம் சூடுபிடித்துவிடுகிறது. அங்கிருந்து பூ கேரளத்துக்கு வண்டியேறிப் போகிறது; திருவனந்தபுரம் சென்று விமானமேறி வெளிநாடுகளுக்கும் போகிறது. வாடிய பூவுக்கு விலை இல்லை. ஆகவே, "சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், கூலி தாருங்கள்" என்று எவர் வந்தாலும் வியாபாரியின் மனம் இசைந்துவிடும். அந்த ஆளுக்குக் கூலி வாங்கும் உரிமை உண்டா என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே.

சாலையில் இந்த வேற்றுமை எல்லோருக்கும் தெரியும். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு. மஞ்சள் போர்டு வண்டி வாடகைக்கு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும்.

ஆகாயத்திலும் இதே நியாயம்தான். தனியார் விமானி லைசென்ஸ் பெற்றவர் தாமாகப் பறக்கலாம். நண்பரையும் அழைத்துச் செல்லலாம். கூலி வாங்கக் கூடாது. அதற்கு வர்த்தக விமானி லைசென்ஸ் தேவை. முன்னதற்கு 40 மணி நேரப் பறப்பு போதும். பின்னதற்கு 200 மணி நேரம் வேண்டும். அதோடு, சரக்குப் போக்குவரத்து நடத்தும் நிறுவனமும் தனியே அனுமதி பெறவேண்டும். பழைய 1934-ம் வருஷச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் புதிய விமானச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இந்த வேற்றுமை மாறவில்லை.

காரணம் என்ன? சிநேகிதனுக்காகக் கூடையைச் சுமப்பவன், காற்று பலமாக இருந்தால் "இன்று வேண்டாம்" என்று நின்றுவிடுவான். கூலி வாங்கியவனை ஆசை பிடித்துத் தள்ளும். தோவாளைக்குப் பக்கத்தில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, கூலியைப் பார்த்து இரக்கம் காட்டாது.

1932 அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். சொந்த விமானம் இருக்கிறதென்று தபாலை ஏற்றிக்கொள்ளவில்லை. அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே ஏற்றினார். 1935-ல் அந்தத் தபால் விமானம் திருவனந்தபுரத்தையும் எட்டியது. அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதி.

இன்று விஷயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. டிரோன் என்னும் ஆளில்லா விமானம் கலியாண வீட்டில் படம் எடுக்கிறது. வயலில் மருந்து தெளிக்கிறது. நாளை பூக்கூடையையும் மருந்துப் பெட்டியையும் சுமக்கலாம். 2021-ம் வருஷத்து டிரோன் விதிகளும் கூலியைத்தான் கவனிக்கின்றன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ள டிரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். அதையே தொழிலாகச் செய்தால் கட்டாயம் வேண்டும். 2 கிலோவுக்கு மேற்பட்டால் எதற்கானாலும் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களுக்கு மோட்டார் வண்டிகளைப் போலவே மூன்றாம் நபர் இன்ஷூரன்சும் அவசியம். கீழே நிற்பவன் தலையில் விழுந்தால் யார் நஷ்டஈடு கொடுப்பது?

"சிறு முதலில் பிழைக்கவரும் இளைஞனுக்கு இத்தனை கட்டுப்பாடா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பரிகாரம் விதியைத் தளர்த்துவதல்ல, பயிற்சியை எளிதாக்குவதே. நாகர்கோவிலிலேயே குறைந்த செலவில் பயிற்சி பெற வழி செய்யவேண்டும். விதிகளை எளிய தமிழில் அச்சிட்டு, தாலுகா ஆபீசுகளிலும் தோவாளைச் சந்தையிலும் குளச்சல் துறைமுகத்திலும் ஒட்டவேண்டும்.

சரக்குக் கொடுப்பவர்களுக்கும் கடமை உண்டு. சான்றிதழ் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, ரசீது தருவாரா என்று மூன்று கேள்விகள் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பூக்கூடையை ஒப்படைக்காதிருப்பதே புத்திசாலித்தனம்.