பொத்தான் யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய ஒரு கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? கேமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் மெகாபிக்சல்களை எண்ணுவதில் காட்டும் ஊக்கத்தில் சிறு பங்கையும் இக்கேள்விக்குச் செலவிடுவதில்லை.

பொத்தான்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்கின்றன விளம்பரங்கள். உண்மையில் நமக்குக் கிடைப்பது நிறுவனம் முன்பே எழுதிவைத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சலுகை மட்டுமே. பட்டியலில் இல்லாததை விரும்ப நமக்கு அனுமதியில்லை.

ஹிஸ்டோகிராமை எடுத்துக்கொள்வோம். ரா கோப்பாகப் படமெடுப்பவர் அறிய விரும்புவது, சென்சார் பதிவுசெய்த ஒளியில் எந்தப் பகுதி வெளுத்துப் போயிற்று என்பதை. ஆனால் பெரும்பாலான கேமராக்கள் ஜேபெக்காக மாற்றிய படத்திலிருந்தே அந்த வரைபடத்தைக் கணக்கிடுகின்றன. மேகத்தின் நுணுக்கங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கையிலேயே அவை அழிந்ததாகக் கருவி எச்சரிக்கும். அதை நம்பி ஒளியைக் குறைத்தால், பின்னர் படத்தைச் செப்பனிடும்போது நிழற்பகுதிகளில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தோன்றும். ஒளிப்படக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ரா ஹிஸ்டோகிராம் இன்னமும் அரிதாகவே கிடைக்கிறது.

அது இயலாத காரியமா? இல்லை. 2009-இல் கேனான் 5டி மார்க் 2 கேமராவுக்காக ட்ராமெல் ஹட்சன் தொடங்கிய 'மேஜிக் லேன்டர்ன்' என்னும் மென்பொருள், நிறுவனத்தின் துணையின்றி வளர்ந்து, ரா ஹிஸ்டோகிராமையும் தந்தது. 2013-இல் 5டி மார்க் 3-இல் ரா வீடியோவையே சாத்தியமாக்கிற்று. புதிய லென்ஸோ சில்லோ தேவைப்படவில்லை. கதவு மட்டுமே பூட்டியிருந்தது.

சோனியின் கதை வேறு வகை. 2012-இல் தன் கேமராக்களுக்குச் செயலிகளை அறிமுகப்படுத்திய அந்நிறுவனம், குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் டைம்லாப்ஸ் வசதியைத் தனிவிலைக்கு விற்றது. 2018-இல் வந்த ஏ7 மார்க் 3-இல் அச்செயலிகளும் இல்லை, அவ்வசதியும் இல்லை. 2019-இல் ஃபர்ம்வேர் புதுப்பிப்பாக அது இலவசமாகவே வந்தது. செயலிக் கடையோ 2025-இல் மூடப்பட்டது. விற்பதும் மறுப்பதும் வழங்குவதும் அவர்கள் விருப்பம். காத்திருப்பது மட்டுமே நம் பங்கு.

கருவி பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெப்பம், மின்சாரம் தொடர்பான எல்லைகளைப் பூட்டியே வைக்கட்டும். திரையில் எதைக் காட்டுவது, எந்தப் பொத்தான் எதைச் செய்வது என்பவற்றால் எந்தக் கேமராவும் எரிந்துவிடாது. இத்தனை வசதிகள் எதற்கு, நல்ல கலைஞனுக்கு எந்தக் கருவியும் போதாதா என்போரும் உண்டு. நாம் கேட்பது கூடுதல் பொத்தான்களை அல்ல. வேண்டாதவற்றை நீக்கும் உரிமையும் நம் கோரிக்கையில் அடக்கம்.

நம் அமைப்புகள் அனைத்தையும் படித்துத் திருத்தத்தக்க கோப்பாகச் சேமிக்க வழி வேண்டும். பிறர் நிரலெழுதுவதற்கான இடைமுகம் ஆவணத்துடன் வெளியிடப்பட வேண்டும். நிறுவனம் புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட மாடல்களின் பூட்டையாவது திறந்துவிட வேண்டும். தமக்கே பயனற்றுப்போன கதவுக்கும் காவல் நிற்பவர்களிடம் 'உங்கள் விருப்பப்படி' என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்பது மிகையாகாது.