யாரும் எழுப்பாத காலை

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பாதையில், கரவனெல்லைச் சுற்றுவட்டாரத்தில் இறப்பர்தான் எங்கள் பிழைப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்னே மலைக்குப் போகிறோம். பால் வெட்டுவது முரட்டு வேலையல்ல. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவலாம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னால் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. இப்படிப் பொறுமையாகப் பேணினால் இருபது வருடங்களுக்கு மேல் பால் தரும்.

இவ்வளவு கட்டுப்பாடு தெரிந்த கைகள் நம்முடையவை. அதில் கால்வாசியைக்கூட நம் சொந்த வாழ்க்கைக்கு நாம் எடுக்கவில்லை.

தலைமுறை தலைமுறையாக நாம் எழும்பியது பிரட்டுக்காக, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்குப் போவதற்காக. பிந்தினால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்ற பயம் நம்மை எழுப்பியது. பயத்தில் வந்த ஒழுங்கு வேலை முடிந்ததும் போய்விடுகிறது. சம்பள நாள் மாலையில் லயத்துக்குப் போய்ப் பாருங்கள். 1927இல் இலங்கைக்கு வந்த காந்தி தோட்டத் தொழிலாளரிடம் குடியை விடச் சொன்னார். நூறு வருடம் ஆகப்போகிறது. கசிப்பு இன்னும் நம் வாசலில் நிற்கிறது. ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதி ஒரு கல்யாணத்தில் கரைகிறது.

நமக்கு அநீதி நடக்கவில்லையா? நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003இல்கூடச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சம்பளம் இன்றும் போதாது. அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் கொப்பியை நாம் திறந்து பார்க்காததற்குத் தோட்டத்துரையைக் காரணம் காட்ட முடியாது.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டி, மலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அடுப்படியில் நிற்பவர்கள் அவர்கள். வீட்டின் ஒழுங்கு முழுவதையும் அவர்கள் தோளில் ஏற்றிவிட்டு, ஆண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டோம். படித்து உத்தியோகத்துக்குப் போன நாமும் தப்ப முடியாது. தீபாவளிக்கும் தேருக்கும் வந்து கோயிலுக்குப் பணம் கொடுத்தோம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஒரு பிள்ளையோடு அரை மணிநேரம் உட்காரவில்லை.

2023இல், நம்மவர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். ஒரே மூச்சில் நடந்து முடிக்கவில்லை. இரவில் தங்கி, காலையில் எழுந்து, அன்றைய தூரத்தை அன்றன்று நடந்தார்கள். மனவலிமை அப்படித்தான் வரும்.

வருகிற சம்பள நாளில், வேறெங்கும் போகுமுன், முடிந்த தொகையை வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். இரவு ஏழு மணிக்குப் போனைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்காருங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் விடாதீர்கள்.