கைதட்டல் யாருக்கு?

2022 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் பிராட்வேயில் ஆகஸ்ட் வில்சன் அரங்கம். ‘ஃபன்னி கேர்ள்’ இசை நாடகத்தில் புது நாயகி லியா மிஷேல் முதல்முறை நடிக்கும் ராத்திரி. அவர் மேடையில் தோன்றியதுமே அரங்கம் அதிர்கிறது. நாடகம் முடிவதற்குள் பல முறை மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டுகிறது. பாட்டு முடிந்ததும் எழுந்தார்கள், சரி. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் போட்ட கூச்சல் எதற்கு? அவர் அப்போது இன்னும் எதுவுமே செய்யவில்லையே!

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தச் சத்தம் ஒரு நடிகையை வரவேற்ற சத்தம் மட்டும் இல்லை. இன்னொரு நடிகையை வெளியே அனுப்பிவிட்டோம் என்று கொண்டாடிய சத்தமும் அதில் பாதி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஃபேனி பிரைஸ் (1891-1951) அமெரிக்க மேடையைக் கலக்கிய ஒரு நகைச்சுவை நடிகை. அவர் வாழ்க்கையை வைத்து 1964-ல் வந்த நாடகம் ‘ஃபன்னி கேர்ள்’. இசை ஜூல் ஸ்டைன், பாடல்கள் பாப் மெரில். நாயகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், அப்போது வயது 21. நாடகம் 1,348 காட்சிகள் ஓடியது. 1968-ல் படமாக வந்தபோதும் அவரேதான் நாயகி, ஆஸ்கரும் வாங்கினார். அதோடு அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பூட்டு விழுந்துவிட்டது. 58 வருஷம் பிராட்வேயில் யாரும் அதை மறுபடி மேடையேற்றவில்லை. 2011-ல் ஒரு முயற்சி நடந்து, பணம் புரளாமல் பாதியில் நின்றுபோனது.

கடைசியில் 2022-ல் மைக்கேல் மேயர் இயக்கத்தில், ஹார்வி ஃபியர்ஸ்டீன் திருத்திய வசனத்தோடு வந்தது. நாயகி பீனி ஃபெல்ட்ஸ்டீன். ‘லேடி பேர்ட்’, ‘புக்ஸ்மார்ட்’ படங்களில் நடித்தவர். பிராட்வேக்கும் புதுசு இல்லை, 2017-ல் ‘ஹலோ, டாலி!’ நாடகத்தில் நடித்திருக்கிறார். ‘ஃபன்னி கேர்ள்’ முறைப்படி தொடங்கிய நாள் ஏப்ரல் 24. அது ஸ்ட்ரைசாண்டின் 80-வது பிறந்தநாள். ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியவர்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று தேதி குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒப்பிட்டார்கள். குரல் போதவில்லை என்று விமரிசகர்கள் எழுதினார்கள். டோனி விருதுப் பட்டியலில் அந்த நாடகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம், அதுவும் துணைப் பாத்திரத்தில் நடித்த ஜேரட் கிரைம்ஸுக்கு. செப்டம்பர் 25-ல் ஃபெல்ட்ஸ்டீன் விலகுவார் என்று ஜூனில் அறிவிப்பு வந்தது. ஜூலை 10-ல் அவரே, ஜூலை 31-லேயே போகிறேன், நாடகத்தை வேறு திசையில் கொண்டுபோகத் தயாரிப்புத் தரப்பு முடிவு செய்துவிட்டது என்றார். மறுநாளே லியா மிஷேல் பெயர் வந்தது. 24 மணி நேரம்கூட ஆகவில்லை!

இப்போது கேள்வி. ஒரு நடிகையின் குரல் ஒரு பாத்திரத்துக்குப் போதவில்லை என்றால் அதைச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. விமரிசகருக்கு அது வேலையே. அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் குரலோடு நின்றதா? உடம்பைப் பேசினார்கள். மூஞ்சியைப் பேசினார்கள். எப்போது போவார் என்று நாள் எண்ணினார்கள். அடுத்து யார் என்று அவர் மேடையில் இருக்கும்போதே பட்டியல் போட்டார்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி அந்த மேடையில் ஏறி, மக்களைச் சிரிக்கவைக்க வேண்டிய ஒருத்தியின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே தலைகீழ். கூடமே கோணல்தான், பழி மட்டும் ஆடியவள் தலையில். ‘ஃபன்னி கேர்ள்’ நாடகத்தின் இரண்டாம் பாதி சொத்தை என்பது 1964-லிருந்தே எல்லாரும் சொல்வது. வசனத்தைத் திருத்தியும் அது முழுசாகச் சரியாகவில்லை. அந்தக் குரல் போதுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது யார்? ஃபெல்ட்ஸ்டீன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்தவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்தவளை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

இதில் பெரிய கூத்து, அந்த நாடகத்தின் கதையே என்ன என்பதுதான். ஃபேனி என்ற பெண்ணைப் பார்த்து, உனக்கு மூஞ்சி சரியில்லை, மேடைக்கு நீ லாயக்கில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் தன் சிரிப்பை மட்டும் நம்பி மேலே வருகிறாள். அரங்கத்தில் உட்கார்ந்து அவளுக்காக உருகிய அதே கூட்டம், வெளியே வந்ததும் அவளாக நடித்த பெண்ணிடம் அதே வார்த்தையைச் சொன்னது. மூன்று மணி நேரம் பார்த்த கதை வாசல் வரைக்கும்கூடக் கூட வரவில்லை!

சரி, புது நாயகிக்காவது நியாயம் கிடைத்ததா? அதுவும் இல்லை.

லியா மிஷேலுக்கும் இந்த நாடகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 2009 முதல் 2015 வரை ஓடிய ‘க்ளீ’ தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த ரேச்சல் பெர்ரி என்ற பெண்ணின் கனவே பிராட்வேயில் ஃபேனியாக நடிப்பதுதான். தொடரில் அவள் அதைச் சாதித்தும் விடுவாள். 2010 டோனி விழா மேடையிலேயே இந்த நாடகத்தின் பாட்டை மிஷேல் பாடியிருக்கிறார். ஆக, கூட்டம் பார்க்க வந்தது ஃபேனியை இல்லை. ரேச்சல் பெர்ரி ஜெயிப்பதைப் பார்க்க வந்தது. டிவியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ச்சி!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020-ல், ‘க்ளீ’ தொடரில் உடன் நடித்த சமந்தா வேர் என்ற கறுப்பின நடிகை, படப்பிடிப்பில் மிஷேல் தன்னை மிக மோசமாக நடத்தினார் என்று பகிரங்கமாகச் சொன்னார். வேறு சிலரும் சேர்ந்து பேசினார்கள். மிஷேல் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். அப்போது இனி இவர் முகத்திலேயே விழிக்கமாட்டோம் என்ற ரசிகர்கள் எத்தனை பேர்! இரண்டே வருஷத்தில் டிக்கெட்டுக்கு அடிதடி. மன்னித்துவிட்டார்கள் என்றால் நல்ல விஷயம். ஆனால் மன்னிக்க வேண்டுமென்றால் முதலில் யோசிக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. அன்றைக்குத் திட்டுவது சுவாரசியமாக இருந்தது, திட்டினார்கள். இன்றைக்குக் கைதட்டுவது சுவாரசியமாக இருக்கிறது, தட்டுகிறார்கள். சமந்தா வேர் சொன்னதற்கும் மரியாதை இல்லை, மிஷேல் கேட்ட மன்னிப்புக்கும் மரியாதை இல்லை.

இதோடு அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு கிறுக்குத்தனமான கேலி பல வருஷமாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நாடகத்தில் ஃபேனி, தான் அதிகம் புத்தகம் படித்ததில்லை என்கிற மாதிரி ஒரு இடம் வரும். அந்த இடத்தில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஃபேனி சொன்னதற்கா சிரித்தார்கள்? இல்லை, மிஷேலைப் பற்றிய கேலியை நினைத்துச் சிரித்தார்கள். எழுந்து நின்று கும்பிட்ட அதே ராத்திரியிலேயே அந்தப் பெண்ணைக் கேலிப்பொருளாகவும் ஆக்கியாயிற்று. இதற்குப் பெயர் ரசனையா?

“அவர் நன்றாகத்தானே பாடினார், கைதட்டினால் என்ன தப்பு?” என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் பாடினார், அதில் சந்தேகமே இல்லை. நாடகத்தை ஏற்கெனவே விமரிசித்தவர்கள் மறுபடி வந்து பார்த்துப் பாராட்டி எழுதினார்கள். வசூல் ஒரு வாரத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. 2023 செப்டம்பர் 3-ல் முடியும்போது நாடகம் 599 காட்சிகள் கண்டிருந்தது. தூக்கி நிறுத்தியவர் மிஷேல்தான். அந்தப் பெருமை அவருக்கு முழுசாகச் சேர வேண்டும். அதனால்தான் சொல்வது, பாடி முடித்த பிறகு தட்டுங்கள். பாடுவதற்கு முன்னால் தட்டுகிற கைக்கு அவர் எப்படிப் பாடினாலும் ஒன்றுதான். அது அவருடைய உழைப்பையும் சேர்த்தே அவமதிக்கிறது.

“இதெல்லாம் மேடையில் சகஜம், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது” என்று இன்னொரு வாதமும் வரும். நாயகி மாறுவது சகஜம்தான், யார் இல்லை என்றது? மேடையின் அழகே அதுதான். படத்தில் ஒரு முகம் பதிந்தால் பதிந்ததுதான். மேடையில் பாத்திரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு ஏறும். முதல் ‘ஃபன்னி கேர்ள்’ ஓடிக்கொண்டிருந்தபோதே, 1965 டிசம்பரில் ஸ்ட்ரைசாண்ட் விலகி மிமி ஹைன்ஸ் வந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஓடியது. ஸ்ட்ரைசாண்டேகூட அந்தப் பாத்திரத்துக்கு முதலில் நினைத்த ஆள் இல்லை. மேரி மார்ட்டின், ஆன் பேன்கிராஃப்ட் என்று பெரிய பெயர்களெல்லாம் அடிபட்ட பிறகுதான் அவரிடம் வந்தது.

‘ஹலோ, டாலி!’ கதை இன்னும் நல்லது. 1964-ல் கரோல் சானிங் தொடங்கினார். ஜிஞ்சர் ரோஜர்ஸ் நடித்தார். 1967-ல் பேர்ல் பெய்லி முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களோடு வந்து நாடகத்துக்கே புது உயிர் கொடுத்தார். 1970-ல் எதெல் மெர்மன் வந்து முடித்துவைத்தார். ஒவ்வொருத்தரும் ஒரு விதம். பேர்ல் பெய்லியைக் கொண்டாட யாரும் கரோல் சானிங்கை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. புதியவர் நல்லவர் என்று சொல்ல, பழையவர் மட்டம் என்று சொல்லித்தான் ஆகவேண்டுமா?

மேடை உலகமும் இந்தக் கூட்டத்துக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்கிறது. 2022 நவம்பரில் வந்த பாடல் தொகுப்பில் இருப்பது மிஷேலின் குரல். ஏப்ரலில் நாடகத்தைத் தொடங்கிவைத்த ஃபெல்ட்ஸ்டீன் அதில் இல்லை. இந்தப் பக்கம், மாற்று நாயகியாக நடுவில் வந்தவர் என்பதால் மிஷேல் டோனி விருதுப் போட்டிக்கே தகுதி இல்லாதவர். ஒருவருக்குப் பதிவு இல்லை, இன்னொருவருக்குப் பரிசு இல்லை.

இந்தச் சத்தத்தில் காணாமல் போன மூன்றாவது பெயர் ஒன்று உண்டு. ஜூலி பென்கோ. நாயகி வர முடியாதபோது மேடையேறத் தயாராகக் காத்திருக்கும் நடிகை. ஃபெல்ட்ஸ்டீன் வராத நாட்களில் நடித்தவர் அவர். ஃபெல்ட்ஸ்டீன் போய் மிஷேல் வருவதற்கு நடுவில், ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த நாடகத்தைத் தாங்கியவர் அவர். மிஷேல் வந்த சில நாளிலேயே கொரோனாவில் படுத்தபோது மறுபடியும் அவர்தான். பிறகு வியாழக்கிழமைதோறும் அவர்தான் ஃபேனி. பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் ஃபெல்ட்ஸ்டீன் ஒழிந்தார், மிஷேல் வென்றார் என்ற கதையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2016-ல் லண்டனிலும் இதேதான். ஷெரிடன் ஸ்மித் வர முடியாத நாட்களில் நடாஷா பார்ன்ஸ் ஃபேனியாக நடித்து அசத்தினார். பெயருக்காக வருகிறவர்களுக்கு இந்த மாதிரி ஒரு ராத்திரி வாய்க்காது. அறிவிப்புப் பலகையில் வேறு பெயரைப் பார்த்ததும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப் போய்விடுவார்கள்.

நாடகம் பார்ப்பது தேர்தல் இல்லை. ஒருத்தி ஜெயிக்க இன்னொருத்தி டெபாசிட் இழக்க வேண்டியதில்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று. மேடையில் நிற்பவர் யாராக இருந்தாலும், முதல் வரி பாடும்வரை காத்திருப்பது. பிடித்தால் தட்டலாம். பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம், குரல் போதவில்லை என்று வெளியே வந்து சொல்லலாம். வெளியே நடக்கும் வம்பை உள்ளே கொண்டுவந்து, ஒருத்தியை விரட்டியதற்கு இன்னொருத்தி முன்னால் எழுந்து நிற்பதற்கு ரசிகன் என்று பெயர் வேண்டாம்.

அடுத்த தடவை ஏதோ ஒரு நாடகத்தில் நாயகி மாறுவார். கட்டாயம் மாறுவார். அன்றைக்கு விளக்கு அணைந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். அவர் பாடட்டும். அதற்கு அப்புறம் எழுந்து நின்றால், அந்தக் கைதட்டல் யாருக்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.