முதல் ரிலீஸோடு நின்றுபோகும் கேம்கள்: சோம்பேறித்தனமா, கணக்குத் தப்பா?

'அடுத்த அப்டேட் விரைவில்' என்று போட்டிருக்கும். தேதியைப் பார்த்தால் மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஸ்டீம், இட்ச், பிளே ஸ்டோர் என எங்கே தேடினாலும் இப்படிப் பாதியில் நிற்கும் இண்டி கேம்கள் கிடைக்கும். பலவற்றுக்குப் பின்னால் ஒருத்தர் அல்லது இரண்டு பேர்தான். பகலில் வேலை, ராத்திரியில் கேம்.

காசு கொடுத்து வாங்கியவர் 'ஏமாத்திட்டான்' என்கிறார். கேமைச் செய்தவர் 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று ஒதுங்கிவிடுகிறார். இரண்டுமே முழு உண்மை இல்லை. முதல் ரிலீஸை வேலையின் முடிவு என்று நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. கணக்கு இடறுவது அங்கேதான்.

ஏர்லி ஆக்சஸ்னா என்ன?

முழுசாக முடியாத கேமை விற்க 2013 மார்ச்சில் ஸ்டீம் கொண்டுவந்த வழி இது. நீங்க இப்பவே வாங்கி விளையாடலாம். டெவலப்பர் உங்க கருத்தைக் கேட்டு, மீதியைச் செய்வார். சில டீம்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம் என்று ஸ்டீமே தன் விளக்கத்தில் சொல்லிவிடுகிறது.

ரீஃபண்ட் உண்டு. ஆனால் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான். ஆறு மாசம் கழித்து டெவலப்பர் காணாமல் போனால் அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். இந்தப் புகார்கள் அதிகமானதால், ரொம்ப நாளாக அப்டேட் வராத ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் அதைச் சொல்லும் குறிப்பை 2025-லிருந்து ஸ்டீம் காட்டுகிறது.

ரிலீஸுக்கு அப்புறம் என்னதான் நடக்குது?

கேம் செய்யும்போது உங்களுக்கு ஒரே முதலாளி, நீங்கதான். ரிலீஸ் ஆனதும் முதலாளிகள் நூறு பேர். ஒருத்தர் போனில் கேம் திறக்காது. இன்னொருத்தர் சேவ் ஃபைல் அழிந்துவிடும். மூன்றாமவர் மல்ட்டிபிளேயர் கேட்பார். புதுசா ஒரு லெவல் வரைவதில் இருந்த சந்தோஷம், பழைய பிழையைத் தேடுவதில் இருக்காது.

கரிசல் காட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மானாவாரியில் விதைப்பு சீக்கிரம் முடிந்துவிடும். களையெடுப்பு, மருந்தடிப்பு, காவல், அறுவடை எல்லாம் அதுக்கு அப்புறம்தான். களையெடுக்க ஆள் இருக்கா என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு பண்ணுவார்கள். பொழுதுபோக்காக கேம் செய்பவர்கள் பலரும் அதைப் பார்க்காமலே விதைத்துவிடுகிறார்கள்.

ஆறு வருஷ மௌனம்

இதற்கு உலகம் அறிந்த உதாரணம், 'க்யூப் வேர்ல்டு'. ஜெர்மனியைச் சேர்ந்த கணவனும் மனைவியும் செய்த கேம். 2013 ஜூலையில் ஆல்ஃபா வெர்ஷன் விற்பனைக்கு வந்தது. வரவேற்பு பலம். கூடவே அவர்களின் தளத்தின் மேல் இணையத் தாக்குதலும் நடந்தது. சீக்கிரமே அப்டேட்கள் நின்றன. வாங்கியவர்கள் வருஷக்கணக்கில் திட்டினார்கள்.

2019 செப்டம்பரில் கேம் முழுசாக வெளியானபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தத் தாக்குதல் தன்னை உலுக்கிவிட்டது, பதற்றமும் மனஅழுத்தமும் தொடர்ந்தன என்று டெவலப்பர் எழுதினார். சோம்பேறித்தனம் என்று எல்லோரும் நினைத்தது அது இல்லை.

வெற்றியும் சிலரைத் துரத்தும். வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் 'ஃப்ளாப்பி பேர்டு' கேமை 2014 பிப்ரவரியில், அது உச்சத்தில் இருந்தபோதே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். தன் எளிய வாழ்க்கையை அது கெடுத்துவிட்டது என்றார்.

காசு கணக்கு

ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பி வரும். விற்பனையில் சுமார் 30 சதவீதம் ஸ்டீமுக்குப் போகும்.

ஒரு உதாரணக் கணக்கு. 200 ரூபாய் கேம் 300 பேர் வாங்கினால் 60,000 ரூபாய். ஸ்டீமின் பங்கு போக 42,000. இரண்டு வருஷம் உழைத்திருந்தால், வரிக்கு முன்னால் மாசம் 1,750 ரூபாய். இதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. அதனால் ராத்திரி நேரம் மட்டும்தான் மிச்சம். ஏர்லி ஆக்சஸில் இன்னொரு சிக்கல், ஆர்வமாக இருந்தவர்கள் முதல் வாரமே வாங்கிவிடுவார்கள். அதுக்கு அப்புறம் போடும் உழைப்புக்குப் புது வருமானம் குறைவு.

அனுபவசாலிகளுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' கேமை 2013-ல் ஏர்லி ஆக்சஸில் விட்டது. வரவு செலவுக்குக் கட்டாததால், திட்டமிட்ட பல அம்சங்கள் இல்லாமலே அடுத்த வருஷம் முடித்துக்கொண்டது.

கோவில்பட்டியில் இருந்து செய்தால்?

கோவில்பட்டியில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து கேம் செய்யும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கூடுதலாகச் சில தடைகள்.

முதலாவது, நேரம். காலேஜ் கடைசி வருஷத்தில் கேம் ஆரம்பிக்கும். படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனதும் ராத்திரிகளும் குறைந்துவிடும். வீட்டில் 'இன்னும் கேம்தானா தம்பி?' என்ற கேள்வியும் தொடரும்.

இரண்டாவது, கடை விதிகள். பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர் போதும். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, ரிலீஸுக்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட்டிங்கில் இருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது. சென்னையில் கேம் நண்பர்கள் வட்டம் இருப்பவருக்கு இது சுலபம், தனியாகச் செய்பவருக்கு மலை. ரிலீஸுக்குப் பிறகும், புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்பக் கேமை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் புது போன் வைத்திருப்பவர்கள் கண்ணிலேயே படாது.

மூன்றாவது, தமிழ். யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேராமல் படுத்தியது ரொம்ப காலத்துப் பிரச்சினை. 'கொ' என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். கதையை யோசிக்க வேண்டிய வாரம், கொம்பைத் தூக்கி வைப்பதில் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் கோடோ, 2023-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது.

முடித்தவர்கள் என்ன செய்தார்கள்?

தமிழர்கள் பெருமைப்படும் 'வெண்பா' நல்ல பாடம். கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லி, புட்டு, பிரியாணி. அவ்வளவுதான். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2024-ல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைசிறந்த விருதும், பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் இதற்குக் கிடைத்தன. சின்னதாக இருந்ததால் யாரும் குறைத்து மதிக்கவில்லை.

'ஸ்டார்டியூ வேலி' செய்த எரிக் பரோன் எதிர்த்திசையில் போனார். சுமார் நாலரை வருஷம் தனியாகச் செய்து, ஏர்லி ஆக்சஸே வேண்டாம் என்று, 2016-ல் முழுசாக வெளியிட்டார். அதுக்கு வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். எல்லோருக்கும் அது வாய்க்காது.

ஆகவே நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பொருந்துவது வெண்பா வழிதான். கரிசல் பூமி முழுசையும் ஓப்பன் வேர்ல்டாக வரைய வேண்டாம். ஒரு காடு, ஒரு புரட்டாசி விதைப்பு போதும். விடியும் முன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும் ஒரு அம்மாவின் ஒரு மணி நேரம் போதும். 48 மணி நேரத்தில் கேம் செய்யும் லூடும் டேர் போன்ற ஜாம்கள், எதை வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும்.

நிறுத்துவது தப்பா?

இலவசமாகக் கொடுத்த கேமை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காசு வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கேயும் நிறுத்துவது குற்றம் இல்லை. சொல்லாமல் போவதுதான் தப்பு. 'இதுக்கு மேல் என்னால் முடியவில்லை' என்று நாலு வரி எழுதுங்கள். விற்பனையை நிறுத்துங்கள். முடிந்தால் கோடை வெளியில் விடுங்கள். டெர்ரி கவானா தன் 'விவிவிவிவிவி' கேமின் கோடை 2020-ல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். உங்கள் கோடிலிருந்து சாத்தூரிலோ விளாத்திகுளத்திலோ இன்னொருத்தர் கற்றுக்கொள்ளலாம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏர்லி ஆக்சஸ் கேமுக்குக் காசு கொடுக்கும் முன், 'இன்னைக்கு இருக்கிற நிலையிலேயே இது இந்த விலைக்குத் தகுமா?' என்று மட்டும் கேளுங்கள். தகும் என்றால் வாங்குங்கள். வரப்போகும் அப்டேட்டை நம்பி வாங்காதீர்கள்.